எரிமலைக் கனிம வரைபடம் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் எரிமலை கிடையாது. புக்கிட் தீமாவில் இருப்பது கருங்கல் மலை. ஆனாலும் இங்கே உட்கார்ந்துகொண்டு சுமத்ரா, ஜாவா எரிமலைகளின் துணைக்கோளப் படங்களை இறக்கி, எந்தச் சரிவில் எந்தக் கனிமம் என்று வரைபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கான குறிப்பு இது. பாலைவன எரிமலைகளை வைத்து எழுதிய பாடங்களை அப்படியே நம் வட்டாரத்துக்கு எடுத்துக்கொண்டால், வரைபடம் அழகாக வரும், ஆனால் பாதி பொய்யாக இருக்கும். ஈரமும் இலையும் மேகமும் மூடிய மலையில் கனிமத்தைவிடக் கனிமம் போல நடிப்பவைதான் அதிகம்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஒரே வேலை. வண்ணத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மூன்று இடத்தில் பிக்சலைச் சொடுக்கி எண்களைப் படியுங்கள்: அடர்ந்த காடு, ஆழ்கடல், இலையில்லாத எரிமலைக்குழம்புப் பாறை. ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோளப் படத்தில் அடர்காட்டின் நீலப் பேண்ட் (ஓர் அலைநீளப் பட்டையில் எடுத்த அடுக்கு) எதிரொளிப்பு, அதாவது விழுந்த ஒளியில் திரும்பி வரும் பங்கு, 0.02 முதல் 0.03 வரை இருப்பது சரியான நிலை. கடலின் பேண்ட் 11 (1.6 மைக்ரான் பக்கத்துக் குறுஅலை அகச்சிவப்பு), சூரியப் பளபளப்பு இல்லாத இடத்தில், ஏறக்குறைய பூஜ்யம். இந்த இரண்டும் சரியாக இல்லையென்றால் கனிமத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அறிகுறி: ஒரே மலை, இரண்டு தேதி, விகிதம் ஒத்துவரவில்லை

விகிதம் என்பது ஒரு பேண்டின் எதிரொளிப்பை இன்னொன்றால் வகுத்தது; களிமண்ணுக்குப் பேண்ட் 11 ÷ பேண்ட் 12 (2.2 மைக்ரான் பக்கம்). அது மாறினால் நிலம் மாறியிருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் மாறியது கோப்பின் கணக்குதான். சென்டினல்-2 படங்களில் 2022 ஜனவரி 25 முதல் எல்லாப் பேண்டுகளிலும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். எனவே எதிரொளிப்பு வேண்டுமானால் (எண் − 1000) ÷ 10000. கழிக்காமல் விகிதம் போட்டால் என்ன ஆகும்? பேண்ட் 11 உண்மையில் 0.25, பேண்ட் 12 உண்மையில் 0.18 என்று வைத்துக்கொள்வோம். சரியான விகிதம் 1.39. கழிக்காவிட்டால் 3500 ÷ 2800, அதாவது 1.25. களிமண் நிறைந்த சரிவு சுமாரான களிமண் சரிவாகத் தெரியும்.

தேதியை மட்டும் நம்பவும் கூடாது. பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருப்பதால், 2018 படத்திலும் அந்த 1000 இருக்கலாம். கோப்புப் பெயரில் ‘என்’ எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். படங்களை இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்ற பெயருள்ள தொகுப்பில் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள். அதில் மறுபடி கழித்தால் நிழலெல்லாம் எதிர்மறை எண்ணாகிவிடும்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 துணைக்கோளங்களின் ‘தொகுப்பு 2 நிலை 2’ படங்களில் வேறு கணக்கு: எண் × 0.0000275 − 0.2. அந்த 0.2-ஐ மறந்தால் மேலே சொன்ன அதே பாறையின் விகிதம் 1.18-க்கு இறங்கிவிடும். இரண்டு துணைக்கோளங்களை ஒப்பிட்டு ‘மாற்றம்’ கண்டுபிடித்ததாக வரும் பல வரைபடங்கள் இந்த ஓரிடத்திலேயே விழுந்துவிடும்.

சரிபார்க்க உள்ளூரிலேயே நல்ல இடம் உண்டு. சாங்கி விமான நிலைய ஓடுபாதையின் நடுவில், ஓரத்தைத் தொடாமல், சில பிக்சல் எடுங்கள். 2022-க்கு முன்னும் பின்னும் மேகமில்லாத இரண்டு படங்களில் பேண்ட் 11-க்கும் 12-க்குமான விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். இடையில் தார் புதிதாகப் போட்டிருந்தால் வேறு ஓடுபாதையைப் பாருங்கள். அது ஒத்துவந்த பிறகு ஜாவாவுக்குப் போகலாம்.

அறிகுறி: மலை முழுக்கக் களிமண்

இதுதான் நம் பகுதியின் தலையாய தொல்லை. களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரான் அருகில் ஒளியை உறிஞ்சுவதால் 11 ÷ 12 விகிதம் உயரும் என்பது அடிப்படை. ஆனால் பச்சை இலையில் இருக்கும் நீரும் 2.2 பக்கம்தான் அதிகமாக உறிஞ்சுகிறது. இலையின் பேண்ட் 11 சுமார் 0.20, பேண்ட் 12 சுமார் 0.09 என்றால் விகிதம் 2.2. எந்த அசல் களிமண்ணும் அவ்வளவு உயராது.

முழுக் காடாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது கலப்புப் பிக்சல். மாற்றமே அடையாத பாறை ஒன்று: பேண்ட் 11 0.25, பேண்ட் 12 0.23, விகிதம் 1.09. இதன்மேல் 30 சதவீதம் புதர் படர்ந்தால் விகிதம் 1.25. சுமாரான களிமண் மாதிரி நடித்துவிடும். அதே பாறையில் 10 சதவீதம் மட்டும் இலை என்றால் 1.13.

எங்கே வெட்டுவது? அந்தப் பாறையின் சிவப்பு 0.16, அண்மை அகச்சிவப்பு 0.20, இலையின் சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.40 என்று கணக்கிட்டால், 10 சதவீத இலைக்கு என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு (அண்மை அகச்சிவப்பு, சிவப்பு இரண்டின் வித்தியாசம் ÷ கூட்டல்) 0.20 வருகிறது, 30 சதவீதத்துக்கு 0.35. ஆகவே 0.2-ல் வெட்டுவது நியாயம். பாடங்களில் தாராளமாகச் சொல்லும் 0.4 இங்கே ஆகாது. வெட்டிய பிறகு மலையில் ஐந்து சதவீத இடம்தான் மிஞ்சுகிறதா? பரவாயில்லை. மிஞ்சியது உண்மை. மீதியைச் சாம்பல் நிறத்தில் ‘தெரியாது’ என்று போடுங்கள், பச்சையில் ‘மாற்றமில்லை’ என்று போடாதீர்கள்.

என்.டி.வி.ஐ. பிடிக்காத ஒன்று உண்டு: காய்ந்த இலையும் செத்த மரமும். எரிமலைவாயைச் சுற்றி அமில வாயுவால் கருகிய புதர்கள் இருக்கும். அவற்றில் பச்சையம் இல்லை, ஆனால் செல்லுலோஸ் 2.1 மைக்ரானிலும் லிக்னின் 2.3 பக்கமும் உறிஞ்சும். டெர்ரா துணைக்கோளத்தின் ஆஸ்டர் கருவியில் பேண்ட் 8 (2.3 மைக்ரான் பக்கம்) இறங்குவதால் குளோரைட் (பச்சைநிற மாற்றக் கனிமம்) அல்லது கால்சைட் (கார்பனேட் வகை) போலத் தெரியும். எரிமலைவாயிலிருந்து காற்றடிக்கும் திசையில் நாக்கு நீட்டிய வடிவத்தில் ‘குளோரைட்’ வந்தால், கூகுள் எர்த்தின் கூர்மையான படத்தில் அங்கே மொட்டை மரங்கள் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: கட்டம் கட்டமாகக் கார்பனேட்

இயற்கை நேர்கோடு போடாது. நடு ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்து உருளைக்கிழங்கு வயல்களைப் போன்ற மலைக்காய்கறித் தோட்டங்களில் பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, பசுமைக்குடிலின் பாலித்தீன் எல்லாம் 2.31 மைக்ரான் அருகில் உறிஞ்சும். அது கார்பனேட்டின் இடம். நூற்றுக்கணக்கான குறுகிய பேண்டுகள் கொண்ட ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படம் இருந்தால் 1.73 மைக்ரானிலும் ஒரு பள்ளம் (உறிஞ்சலால் வரும் தாழ்வு) தெரியும். கால்சைட்டுக்கு அங்கே பள்ளம் இல்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் கட்ட வடிவத்தைப் பார்த்தே நீக்கிவிடுங்கள். துருப்பிடித்த தகரக் கூரைகள் இரும்பு ஆக்சைடாக வருவதும் இதே கதைதான்.

அறிகுறி: தேடிப் போன எரிமலைவாய் மட்டும் ஓட்டை

மேகப் பிக்சல்களை நீக்கும் மேக மாஸ்க் போட்டதும் சுற்றிலும் நிலம் இருக்கும், நடுவில் வெற்றிடம். காரணம் இரண்டில் ஒன்று. வெளுத்துப்போன சிலிக்காவும் களிமண்ணும் பளிச்சென்று இருப்பதால் சென்டினல் படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கு அதை மேகம் என்று குறித்துவிடும். அல்லது அங்கே உண்மையிலேயே நீராவி எழும்பிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் பிரிக்க, ஒரு வருடப் படங்களை எடுத்து ஒவ்வொரு பிக்சலும் எத்தனை தேதியில் மாஸ்க் ஆனது என்று எண்ணுங்கள். ஓட்டையின் ஓரம் எல்லாத் தேதியிலும் ஒரே இடத்தில் நின்றால் அது நிலம். அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்கை எடுத்துவிட்டு, கண்ணால் பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் காற்றுக்கேற்ப இடம் மாறினால் அது ஆவி. அப்படியானால் எதிரெதிர்த் திசையில் காற்று வீசிய தேதிகளைச் சேர்த்து ஒட்ட வேண்டும்.

ஒட்டும்போது இன்னொரு கண்ணி. பேண்ட் பேண்டாக நடுமதிப்பு எடுத்து, அப்புறம் விகிதம் போட்டால், பேண்ட் 11 ஒரு தேதியிலிருந்தும் பேண்ட் 12 வேறு தேதியிலிருந்தும் வந்து, மிளகு தூவினது போலப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு தேதிக்கும் விகிதத்தை முதலில் கணக்கிட்டு, பிறகு விகிதங்களின் நடுமதிப்பை எடுங்கள்.

மழை பெய்த மறுநாள் படத்தை ஒதுக்குங்கள். ஈரப் பாறை குறுஅலை அகச்சிவப்பில் கறுத்துப்போய்க் களிமண்ணின் அடையாளத்தை மங்கச் செய்யும். கிழக்கு ஜாவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். வடக்குச் சுமத்ராவில் அவ்வளவு தெளிவான வறட்சிக்காலம் இல்லை. கிடைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அறிகுறி: இரும்பு ஆக்சைடு அதிகமாக வருகிறது, அல்லது வரவே இல்லை

சிவப்பு ÷ நீலம் விகிதம் உயர்ந்தால் இரும்பு என்பார்கள். கந்தகமும் நீலத்தை விழுங்கும், மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான். கிழக்கு ஜாவாவின் காவா ஈஜென் போலக் கந்தகம் வெட்டி எடுக்கும் எரிமலைவாயில் இந்த விகிதம் கந்தகப் படிவையும் சேர்த்து ‘ஹெமடைட்’ (சிவந்த இரும்பு ஆக்சைடு) என்று காட்டும். பக்கத்திலேயே சிவப்பு ÷ பச்சை விகிதத்தையும் போடுங்கள். கந்தகத்துக்குப் பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே உயரம், எனவே 1-ஐ ஒட்டி நிற்கும். ஹெமடைட்டுக்கு அது நன்றாக உயரும். ஈஜென் ஏரியைத் தனியாக வெட்டிவிடுங்கள். பிஹெச் 1-க்கும் கீழான அந்த அமில நீரின் நிறத்தில் எந்த விகிதமும் அர்த்தமுள்ள பதில் தராது.

வரவே இல்லையென்றால் புகைமூட்டத்தைச் சந்தேகியுங்கள். 2015, 2019 ஆண்டுகளின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புகை நீலப் பேண்டை உயர்த்தும், விகிதம் சரியும். அடர்காட்டின் நீலம் 0.06-க்குப் போயிருந்தால் வளிமண்டலத் திருத்தம் தோற்றுவிட்டது. அந்தத் தேதியில் குறுஅலைப் பேண்டுகள் ஓரளவு பிழைத்திருக்கும், அவற்றை வைத்துக்கொண்டு இரும்பை வேறு தேதியில் தேடுங்கள்.

அறிகுறி: சரிவின் ஒரு பக்கம் மட்டும் கனிமம்

சென்டினல் காலை சுமார் 10:30 மணிச் சூரியனில் படம் எடுக்கிறது; ஆஸ்டரின் பழைய படங்களும் அதே நேரத்தவை. வெயில் கிழக்கிலிருந்து. ஜாவாவில் ஜூன் மாதம் வடகிழக்கிலிருந்து, எனவே தென்மேற்குச் சரிவுகள் நிழல். நிழலில் எண்கள் சிறியவை. சிறிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் எதுவும் வரும். பேண்ட் 11 எதிரொளிப்பு 0.05-க்குக் கீழிருப்பதை எல்லாம் தள்ளுங்கள். நிழல் போலவே கறுத்த புதிய பசால்ட் பாறையும் இதில் அடிபடும், அதை அறிந்தே செய்யுங்கள்.

சரிவுத் திருத்தம் (சரிவுக்கேற்ப வெளிச்சத்தைச் சமன்செய்வது) போட்ட பிறகு நிலைமை மோசமானால், அதற்குப் பயன்படுத்திய உயர மாதிரியின் (நிலத்தின் உயரங்களைத் தரும் கோப்பு) வயதைப் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் என்ற மாதிரி எடுத்தது 2000 பிப்ரவரியில். கோபர்னிகஸ் 30 மீட்டர் மாதிரியின் மூலத் தரவு 2011 முதல் 2015 வரை. சுந்தா நீரிணையின் அனக் கிரகடாவ் எரிமலை 2018 டிசம்பர் 22 அன்று சரிந்து, 338 மீட்டரிலிருந்து 110 மீட்டருக்குக் குறைந்தது. அதற்குப் பிந்தைய படத்தில் பழைய மாதிரியால் திருத்தினால், இல்லாத கூம்பு ஒன்றின் சரிவுகளுக்கு வெளிச்சம் கூட்டிக் குறைத்து, பேய்க் கனிமம் உருவாகும்.

முகட்டின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் கறுப்புக் கோடு என்று ஜோடியாக வந்தால் அது நிழல் இல்லை. பேண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. ஆஸ்டரில் 15 மீட்டர்ப் பேண்டுகளையும் 30 மீட்டர்ப் பேண்டுகளையும் சேர்க்கும்போது இது வரும். அரைப் பிக்சல் நகர்ந்தாலே போதும்.

அறிகுறி: ஆஸ்டரில் குளோரைட் அள்ளுகிறது, அலுனைட்டைக் காணோம்

ஆஸ்டரின் குறுஅலைப் பகுதி 2008 ஏப்ரலோடு செத்துவிட்டது. அதற்குப் பிந்தைய படத்தை இறக்கியிருந்தால் பிரச்சினை அங்கேயே. அதற்கு முந்தைய படமென்றால் சந்தேகிக்க வேண்டியது பேண்ட் 4-இன் ஒளிக்கசிவு. அது பேண்ட் 5-லும் 9-லும் அதிகமாகக் கசியும். பேண்ட் 5 உயர்வதால் அலுனைட்டின் (அமிலத்தால் பாறை மாறி உருவாகும் கனிமம்) பள்ளம் நிரம்பி, (4+6) ÷ 5 இறங்கும். பேண்ட் 9 உயர்வதால் (7+9) ÷ 8 ஏறிக் குளோரைட், எபிடோட் என்று காட்டும். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் அடையாளம்.

கரையோரக் கடலில் சோதியுங்கள். அங்கே குறுஅலைப் பேண்டுகள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். பேண்ட் 6 பூஜ்யமாகவும், 5-லும் 9-லும் மட்டும் கரையின் மங்கலான நிழலுருவும் தெரிந்தால் கசிவு உறுதி. ‘ஏஎஸ்டி 07 எக்ஸ்டி’ என்ற திருத்திய எதிரொளிப்புத் தரவைக் கேட்டு வாங்குங்கள். அதில் எண்ணை 0.001-ஆல் பெருக்க வேண்டும்.

கசிவு இல்லாமலும் பேண்ட் 9 தவறலாம், நீராவியால். நீங்களே வளிமண்டலத் திருத்தம் செய்தால், மென்பொருளில் ‘டிராபிகல்’ மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் நீராவி அளவு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4.1 கிராம். நம் பகுதியில் கடல்மட்டத்தில் அதையும் தாண்டும், 2500 மீட்டர் உச்சியிலோ வெகுவாகக் குறையும். படம் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் உச்சி ஒருவிதமாகவும் அடிவாரம் ஒருவிதமாகவும் தவறும். ‘எபிடோட்’ எல்லை உயரக்கோட்டை ஒட்டியே ஓடினால் அது பாறையின் எல்லை இல்லை.

அறிகுறி: அலுனைட்டும் கயோலினைட்டும் பிரியவில்லை

சென்டினல்-2, லேண்ட்சாட் வைத்திருந்தால் பிரியாது, முயற்சியை விடுங்கள். 2.2 மைக்ரான் பக்கம் அவற்றுக்கு ஒரே ஒரு அகலமான பேண்ட்தான். ‘களிமண் வகை’ என்று எழுதுவதோடு நிறுத்துவது நேர்மை.

ஆஸ்டரில் அமிலத்தால் மாறிய கூட்டத்தை (அலுனைட், கயோலினைட் என்ற வெண்களிமண், பைரோஃபிலைட்) மைக்கா போன்ற ‘இல்லைட்’ களிமண் கூட்டத்திலிருந்து பிரிக்கலாம்: முன்னதற்குப் பேண்ட் 5 தாழும், பின்னதற்குப் பேண்ட் 6. கூட்டத்துக்குள்ளே பிரிக்க ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் வேண்டும். கயோலினைட்டுக்கு 2.165, 2.205 என்று இரட்டைப் பள்ளம். அலுனைட்டுக்கு 2.17 பக்கம் ஆழமான பள்ளமும் 1.76 பக்கம் இன்னொன்றும். இல்லைட்டுக்கு 2.20-லும் 2.35-லும். ஜாரோசைட்டுக்கு (இரும்பு சல்பேட்) 2.265.

பிக்சலின் நிறமாலைக்கும் கனிமத்தின் நிறமாலைக்கும் இடையிலான கோணத்தை அளக்கும் கோண ஒப்பீட்டு முறையில் எல்லாப் பிக்சலும் ஏதாவது கனிமமாக வந்தால், 0.1 ரேடியன் என்ற இயல்பு வரம்பைத் தொடாமல் விட்டிருப்பீர்கள். 0.05-க்கு இறக்கிப் பாருங்கள். முழு நிறமாலையையும் கொடுக்காமல் 2.05 முதல் 2.40 வரை மட்டும் வெட்டி, அடிக்கோட்டை (நிறமாலையின் பொதுவான போக்கை) நீக்கிய பின் ஒப்பிடுங்கள். நூலக நிறமாலையை (ஆய்வகத்தில் அளந்து வைத்த கனிம நிறமாலை) உங்கள் கருவியின் பேண்டுகளுக்கு மாற்றாமல் பயன்படுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. பேண்டுகளுக்கு எடை கொடுத்துக் கூட்டிப் புதிய படமாக்கும் முதன்மைக்கூறு முறையில் படம் தலைகீழாக வந்தால், உறிஞ்சும் பேண்டின் எடை நேர்மறையா என்று பாருங்கள். அப்படியானால் அந்தக் கூறை −1-ஆல் பெருக்கினால் முடிந்தது.

அறிகுறி: எரிமலைவாயின் நடுவே சில பிக்சலில் விகிதம் திடீரென 1-க்குக் கீழே

பேண்ட் 12 பேண்ட் 11-ஐவிட உயர்ந்து, பேண்ட் 8ஏ (அண்மை அகச்சிவப்பு) சாதாரணமாக இருந்தால், அது கனிமம் இல்லை, சூடு. சில நூறு டிகிரி வெப்பமுள்ள துளை 2.2 மைக்ரானில் தானே ஒளிர்கிறது. அந்தப் பிக்சல்களை வெட்டுங்கள். வெடிப்பு அறிக்கைகளோடு நேரம் ஒப்பிடும்போது, ஜாவா, சுமத்ரா நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னே, படக் கோப்பின் நேரம் எட்டு மணி பின்னே என்பதை மனதில் வையுங்கள்.

அறிகுறி: வெள்ளைச் சிலிக்கா கண்ணுக்குத் தெரிகிறது, குவார்ட்ஸ் குறியீடு அசையவில்லை

ஆஸ்டரின் வெப்பப் பேண்டுகளில் 11² ÷ (10 × 12) என்பது குவார்ட்ஸ் படிகத்தின் இரட்டைப் பள்ளத்துக்கு நடுவில் இருக்கும் மேட்டைப் பிடிக்கிறது. எரிமலைவாயில் இருப்பது பெரும்பாலும் ஓபல், படிகமாகாத சிலிக்கா. அதற்கு அந்த மேடு இல்லை. பிக்சலும் 90 மீட்டர், ஒரு கிலோமீட்டர் வாய்க்குக் குறுக்கே 11 பிக்சல்தான். ஓபலுக்கு 2.21 முதல் 2.26 வரை பரந்த பள்ளத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: எமிட் படம் சாய்ந்து கிடக்கிறது

விண்வெளி நிலையத்தில் 2022 முதல் இருக்கும் எமிட் என்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியின் எதிரொளிப்புக் கோப்பு நிலத்தோடு பொருத்தப்படாமல் வருகிறது. கோப்புக்குள்ளேயே இடத் தேடல் அட்டவணை உண்டு, அதைக் கொண்டு 60 மீட்டர் கட்டத்தில் அடுக்குங்கள். 285 பேண்டுகளில் 1.4, 1.9 மைக்ரான் பக்கம் நீராவி விழுங்கியவற்றை ‘நல்ல அலைநீளம்’ பட்டியலைப் பார்த்து நீக்காவிட்டால், எந்த வகைப்பாடும் அந்த இரைச்சலையே பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: இரண்டு அடுக்குகள் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி

லேண்ட்சாட் தெற்கு அரைக்கோளத்திலும் வடக்கு யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலத்தையே பயன்படுத்துகிறது, வடக்குத் தூரம் எதிர்மறை எண்ணாக. சென்டினல் தெற்கு மண்டலத்தில் வரும். கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் மண்டலப் பெயரைக் கையால் மாற்றி எழுதினால் படம் ஒரு கோடி மீட்டர் தாவும். பெயரை மாற்றாதீர்கள், மறுவீச்சு (வேறு மண்டலத்துக்கு மாற்றிக் கணக்கிடுவது) செய்யுங்கள். ஈஜென் 114.2 பாகையில், 49-க்கும் 50-க்கும் மண்டல எல்லையை ஒட்டி இருப்பதால் இரண்டு மண்டலப் படத்துண்டுகளும் கையில் கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். உள்ளூர் வேலையிலிருந்து வந்த திட்டக்கோப்பில் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூர் இடக்குறிப்பு அமைப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். அது இந்தத் தீவுக்கு மட்டும் வகுத்தது, ஜாவாவில் பரப்பளவுக் கணக்கைக் கெடுத்துவிடும்.